தொடாத தட்டுகள்

சாந்தோம்,
26 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய டாக்டர் ஷண்முகப்ரியா அவர்களுக்கு,

பவுல்சாமி எழுதுவது. மூன்று நாளாக உங்கள் அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். உங்கள் எதிரில் நின்றால் எனக்கு வாக்கியம் முடிவதில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் அலுவலகத்தில் நாலு பேர் படிப்பார்கள். ஆகவே இதைக் கிளிஃபர்டிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் லேபில் மின்சாரமும் ஏசியும் பார்க்கிறவன்தான் என்றாலும் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவன், உறையைப் பிரிக்கமாட்டான். "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே மாடில கீறீங்க, கவர்ல ஒட்டிக் குடுக்கறீங்க? மேடம் இன்னா புலியா?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். உங்கள் அம்மாவின் வயிற்று நீரிலிருந்து எடுத்த புற்றுச் செல்களை வைத்து நாம் செய்த சோதனையின் முடிவு தவறாக இருக்கலாம். தவறு என்னுடையது.

வரிசையாகச் சொல்கிறேன். அக்டோபரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை செய்தேன். மருந்து போடாத கண்ட்ரோல் தட்டுகளில் சராசரியாக நாற்பத்தோரு செல் உருண்டைகள். மருந்து போட்டவற்றில் பத்து. ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து பெருகியது என்று வைத்துக்கொண்டு, மருந்து முக்கால்வாசி ஸ்டெம் செல்களை அடக்கிவிட்டது என்று எழுதினோம்.

மூன்றாவது முறை நவம்பர் 25 அன்று வைத்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். பிறகு புயல், மழை. இரண்டு வாரம் வரவில்லை. இன்குபேட்டர் பெட்டியின் கதவில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து வேறு யாரும் தட்டுகளைத் தொடவில்லை. டிசம்பர் 9 அன்று வந்து எண்ணினேன். கண்ட்ரோலில் ஒன்பது. மருந்துத் தட்டிலும் ஒன்பது.

இன்குபேட்டர் மேல் சந்தேகம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். அது பொய். முந்தைய இரண்டு முறைக்கும் இந்த முறைக்கும் ஒரே வித்தியாசம், நான் இல்லாததுதான்.

தினமும் காலையில் கண்ட்ரோல் தட்டுகளை மட்டும் எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வழக்கம். அவை உங்கள் அம்மாவின் செல்கள். செத்துப்போய்விட்டன என்று உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்துத் தட்டுகளைத் தொடமாட்டேன். கை தவறிச் சிந்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம். 'எடுத்துப் பார்த்தது' என்று எழுத நோட்டில் கட்டம் இல்லை. எனவே எழுதவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் திரவம் அசைகிறது. மிதக்கிற செல்கள் ஒதுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பத்து சாதாரணச் செல்கள் ஒட்டிக்கொண்டாலும் அது உருண்டையாகத்தான் தெரியும். மருந்து ஒரு பக்கம் உருண்டைகளைக் குறைக்கவில்லை. நான்தான் மறுபக்கம் கூட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 12 அன்று நீங்கள் வந்து, "அம்மா கீமோ வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டா. நம்ம மருந்துதான்" என்று எல்லோருக்கும் அல்வா கொடுத்தீர்கள். நானும் வாங்கிக்கொண்டேன். சாப்பிடவும் செய்தேன். அப்போது எனக்குத் தெரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இப்படிக்கு,
பவுல்சாமி


தி.நகர்,
28 டிசம்பர் 2024

பவுல்சாமி சார்,

நான்கு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. சரி, நானும் எழுதுகிறேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஆறு அடி நடந்ததால் நாற்பத்தோரு உருண்டை வந்ததா? பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

என் நிலைமையை ஒரு தடவை எழுதிக் காட்டுகிறேன். அப்போதாவது உங்களுக்குப் புரிகிறதா பார்ப்போம். போன வருடம் அம்மாவுக்கு ஆறு தடவை கீமோ ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. எட்டே மாதத்தில் திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெருகிக்கொண்டிருந்த செல்கள் செத்தன. பதுங்கியிருந்த ஸ்டெம் செல்கள் சாகவில்லை. அந்தச் செல்களில் முதிர்ச்சி அடையச் சொல்லும் மரபணுக்களை ஒரு நொதி மூடிவைத்திருக்கிறது. மரபணுவின் எழுத்து கெட்டுப்போகவில்லை, மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நம் மருந்து அந்த நொதியைத் தடுக்கிறது. மூடியது திறந்தால் அவை சாதாரணச் செல்லாகி ஓய்ந்துபோகும். இது நான் கண்ட கனவு இல்லை. உலகத்தில் எத்தனையோ லேப்களில் பார்த்தது. வெளிநாட்டில் வேறொரு புற்றுநோய்க்கு இந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அஃப்சருன்னிசா அரை மனதாக இருக்கிறார். ஜனவரி 20, திங்கட்கிழமை அறிக்கையைப் பார்ப்பார். சோதனையைச் செய்தவர், நடத்தியவர் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் ஆறு வாரம் கீமோவைத் தள்ளிவைத்து மருந்தை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அம்மா, "அந்த நாற்காலில இன்னொரு தடவை என்னைய உக்கார வைக்காதட்டீ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எங்கள் குடும்பக் கடையில் இருநூறு பேரை அதட்டி வேலை வாங்கியவள், சார்.

நீங்கள் கண்டுபிடித்திருப்பது தவறு இல்லை. பயம். கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் பாடம் எடுத்தீர்கள், சொந்தமாக ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

20ஆம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும்.

ஷண்முகப்ரியா


சாந்தோம்,
1 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய டாக்டர் ஷண்முகப்ரியா அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள் என்று எழுதி அடித்துவிட்டேன்.

கட்டுரை பற்றிக் கேட்டீர்கள். மூன்று எழுதினேன். மூன்றையும் அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு முறை சந்தேகம் தவறு, கட்டுரை சரியாகத்தான் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஆகவே நீங்கள் சொல்வதுபோல இது வெறும் பயமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

மற்ற லேப்களில் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். அவர்கள் வேறு செல்களைப் பார்த்தார்கள். நான் இந்தத் தட்டுகளை மட்டும் சொல்கிறேன்.

அதை அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு குழிக்கு ஒரே ஒரு செல். பக்கத்தில் வேறு செல் இல்லையென்றால் ஒட்டிக்கொள்ள வழியில்லை. உருண்டை வந்தால் அது ஸ்டெம் செல்லிலிருந்துதான். தொண்ணூற்றாறு குழித் தட்டு இரண்டு மருந்தோடு, இரண்டு மருந்தில்லாமல். அம்மாவின் செல்களை உறைய வைத்த குப்பிகள் இன்னும் நாலு இருக்கின்றன. பதினாலு நாள் இன்குபேட்டரைத் திறக்கக் கூடாது. ஜனவரி 3 வெள்ளிக்கிழமை வைத்தால் 17 வெள்ளி எண்ணலாம். டாக்டரைப் பார்க்க மூன்று நாள் மீதி இருக்கும். அதற்குமேல் தள்ளினால் இடிக்கும்.

நான் செய்யக் கூடாது. நீங்களோ நம் லேபில் இருக்கும் சுரேஷ்குமாரோ செய்யுங்கள். எண்ணும்போது எது மருந்துத் தட்டு என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது.

அதுவரை கையெழுத்துப் போட என்னால் முடியாது. இந்த வாக்கியத்தை ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். இதைவிட மென்மையாக வரவில்லை.

பவுல்சாமி


ஈக்காட்டுத்தாங்கல்,
6 ஜனவரி 2025

சார்,

உங்கள் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். நோட்டில் உள்ள எண்களைச் சரிபார்த்து சுரேஷ்குமார் கையெழுத்துப் போடுகிறார். எண்கள் நீங்கள் உங்கள் கையால் எழுதியவைதான், அதை மறந்துவிடாதீர்கள்.

செல் அறைச் சாவியைக் கிளிஃபர்டிடம் கொடுத்துவிடுங்கள். 20ஆம் தேதிவரை லேபுக்கு வர வேண்டாம்.

உங்களுக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். இப்படி எழுதக் கூடாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஷண்முகப்ரியா


சாந்தோம்,
12 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய டாக்டர் ஷண்முகப்ரியா அவர்களுக்கு,

நேற்று மதியம் உங்கள் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். இப்போது சொல்கிறேன். சொல்லாமல் இருந்ததால் வந்த கஷ்டம் போதும்.

டிரைவர் வைரவன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் நின்றார்கள். என் மனைவி ஜொவிட்டா நாற்காலி போட்டாள். உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் கேட்ட முதல் கேள்வி:

"வாத்தியார் ஐயா, என் வயித்துத் தண்ணியில இருந்து எடுத்ததை நீங்கதான் வளக்குதியளாம்லா. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"என்ன தீனி போடுதிய?"

"சர்க்கரை, புரதம், கொஞ்சம்…"

"எனக்குச் சர்க்கரை கூடாதுங்காவ. அதுக்கு மட்டும் குடுக்கியளோ?" என்று சிரித்தார்கள். ஜொவிட்டாவும் சிரித்துவிட்டாள். சிரிப்பு வயிற்றில் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார்கள். வயிறு போன மாதத்தைவிடப் பெரிதாக இருப்பது புடவைக்கு மேலேயே தெரிந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், "பிரியா சொன்னது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. அந்த மருந்து என்ன செய்யும், நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

உங்கள் கடையை வைத்தே சொன்னேன். உடம்பில் எல்லாச் செல்லுக்கும் ஒரே சரக்குதான், எந்தப் பிரிவின் ஷட்டர் திறந்திருக்கிறது, எது இறக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று தோலாகிறது, ஒன்று ரத்தமாகிறது. இந்தப் பொல்லாத செல்கள் 'வளர்ந்தது போதும்' என்று சொல்லும் பிரிவின் ஷட்டரை இறக்கிவிட்டுத் தாங்களே கடையை நடத்துகின்றன. அந்த ஷட்டரைத் தூக்கத்தான் மருந்து.

"தூக்குச்சா?"

உங்களிடம் வராத வாக்கியம் அவர்களிடம் மட்டும் எப்படி வரும்? டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பது வருசம் கல்லால உக்காந்தவ நான். வாங்க வந்தவன் முகத்தையும் வேடிக்கை பாக்க வந்தவன் முகத்தையும் பிரிச்சுச் சொல்லிருவேன்" என்றார்கள். "நீங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதா சுரேசு வாய்தவறிச் சொல்லிட்டான். நான் கோவப்பட வரல. எம் மவ பொய் சொல்ல மாட்டா. ஆனா எனக்காவ எதையும் நம்பிருவா. அதான் பயமா இருக்கு."

எழுந்து போகும்போது, "அந்தக் கீமோ நாற்காலி எனக்குப் பிடிக்கல, நிசந்தான். செத்துப்போவது அதவிடப் பிடிக்கல" என்றார்கள்.

அவர்கள் போனபின் ஜொவிட்டா, "கடைசிக் கேள்விக்கு ஒரு வார்த்தை பேசல நீங்க. ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டீங்க" என்றாள். அது பாராட்டா, திட்டா தெரியவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது. இத்துடன் டாக்டர் அஃப்சருன்னிசாவுக்கு ஒரு கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். நான் செய்தது, செய்யாமல் விட்டது, மூன்று முறையும் எண்ணியது எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. 20ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குமுன் நீங்களே அவரிடம் சொல்லிவிட்டால் கொடுக்கமாட்டேன். இந்த மருந்தை நம்பி நடக்கும் உங்கள் கம்பெனிக்கு இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்மேல் வழக்குப் போட்டாலும் சரி.

இன்னொன்று. சாவி வாங்க வந்தபோது கிளிஃபர்ட் சொன்னான்: "மேடம் மூணாந்தேதிலேருந்து அந்த ரெண்டாவது இன்குபேட்டர் பொட்டி கதவுல டேப் சுத்தி வெச்சிகினு கீறாங்க சார். கிட்டப் போனா கைய ஒடச்சிருவேன்றாங்க. பிளக் மாத்தக்கூட வுட மாட்றாங்க." நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

பவுல்சாமி


தி.நகர்,
23 ஜனவரி 2025

பவுல்சாமி சார்,

20ஆம் தேதி நீங்கள் மருத்துவமனை வாசலில் பழுப்பு உறையோடு நின்றதை நான் காரிலிருந்து பார்த்தேன். உங்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன். நீங்கள் கவனித்தீர்களா தெரியாது. டாக்டர் வெளியே வந்து உங்களிடம் 'தேவையில்லை' என்று சொன்னாராமே. காரணம் சொல்லவில்லை என்றார். நான் சொல்கிறேன்.

3ஆம் தேதி நான்தான் தட்டுகளை வைத்தேன். உங்களைப் பொய்யாக்கத்தான் வைத்தேன். ஒரு குழிக்கு ஒரு செல். ஒவ்வொரு குழியையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்தேன். பதினாலு நாள் கதவைத் திறக்கவில்லை. பொங்கலன்று வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நான் மட்டும் ஈக்காட்டுத்தாங்கல் லேபுக்குப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

17ஆம் தேதி காலையில் அம்மா காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எது எதுன்னு தெரியாம எண்ணணுமாம்லா, தட்டை நான் மாத்தி மாத்தித் தாரேன்" என்றாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம்தான் உறைத்தது. உங்கள் 1ஆம் தேதிக் கடிதத்தை என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். தட்டுகளின் மேல் இருந்த எழுத்தைக் காகிதம் ஒட்டி மறைத்து, ஜோடி ஜோடியாக என் கையில் கொடுத்தாள்.

முதல் ஜோடியில் உருண்டை வந்த குழிகள் பதினொன்று. இரண்டாவது ஜோடியில் பன்னிரண்டு. மூன்று தடவை எண்ணினேன். காகிதத்தைப் பிரித்தோம். பன்னிரண்டு, மருந்து போட்ட ஜோடி.

நான்காவது தடவை எண்ணப் போனேன். அம்மா என் தோளைத் தட்டி, "தள்ளு, நான் பாக்கேன்" என்றாள். ஸ்டூலில் அவளை ஏற்றிவைத்து, மருந்துக் குழி ஒன்றில் இருந்த உருண்டையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது ஒரே ஒண்ணுல இருந்தா வந்துச்சு?"

"ஆமாம்மா."

"மருந்தையும் குடிச்சிக்கிட்டா?"

"ஆமாம்."

"அழகாத்தான் இருக்கு, சனியன்" என்றாள். பிறகு, "கீமோவுக்கு என்னைக்குப் போவணும்?" என்று கேட்டாள்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். அதனால் மீதியையும் எழுதுகிறேன். 20ஆம் தேதி என் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று 17ஆம் தேதி எண்ணிக்கை. இன்னொன்று சுரேஷ்குமார் கையெழுத்துப் போட்ட பழைய அறிக்கை. டாக்டரின் எதிரில் உட்கார்ந்து, பைக்குள் கையை விடும்வரை எதை எடுப்பேன் என்று எனக்குத் தெரியாது. இருபத்துமூன்று குழிகளை வைத்து ஒரு மருந்தைத் தள்ளிவிடலாமா, இந்தச் செல்கள் உறைய வைத்ததில் மாறியிருந்தால் என்ன என்றெல்லாம் மனம் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள். எண்ணிக்கையை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "டிசம்பர்ல ஏன் சொல்லல?"

நேற்று ஸ்கேன். பெரிய கட்டி டிசம்பரில் இருந்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. ஈரலுக்குக் கீழே புதிதாக ஒன்று. வரும் செவ்வாய் 28ஆம் தேதி காலை எட்டு மணிக்கு கீமோ தொடங்குகிறார்கள். பலிக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், முன்னால் வந்திருந்தால் இன்னும் தைரியமாகப் பதில் சொல்லியிருப்பேன் என்றார்.

அந்த இரண்டு சென்டிமீட்டரில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு என்னுடையது என்று இரவும் பகலும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது. உங்களை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஷண்முகப்ரியா


சாந்தோம்,
25 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய டாக்டர் ஷண்முகப்ரியா அவர்களுக்கு,

மன்னிக்க வேண்டாம். கணக்கை மட்டும் சரிசெய்துகொள்வோம்.

டிசம்பர் 13 அன்று கீமோ தொடங்கியிருக்க வேண்டும். ஜனவரி 28 அன்று தொடங்குகிறது. இடையில் நாற்பத்தாறு நாள். நான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதியது டிசம்பர் 26. அதுவரை பதின்மூன்று நாள் என்னுடையது, மீதி முப்பத்துமூன்று உங்களுடையது என்றுதான் முதலில் எழுதினேன். பார்ப்பதற்கு நேர்மையாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அடித்துவிட்டேன்.

டிசம்பர் 9 மதியம், எண்ணி முடித்த உடனே, நான் உங்கள் அறைக்குள் வந்திருந்தால் 12ஆம் தேதி அம்மா கீமோவை மறுத்திருக்கமாட்டார்கள். நீங்கள் பிறகு என்னோடு சண்டை போட்டதற்கும், சோதனை வைத்ததற்கும், பையில் இரண்டு காகிதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததற்கும் தேவையே வந்திருக்காது. என் இருக்கையிலிருந்து உங்கள் கதவு பத்தொன்பது அடி. ஆகவே நாற்பத்தாறு நாளும் என்னுடையவை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. என் தவறு முழுவதையும் நீங்கள் அவர்களிடம் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தட்டைத் தூக்கி நடந்தது தெரிந்திருக்கும், 9ஆம் தேதியே தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்தது தெரிந்திருக்காது. செவ்வாய் காலை ஏழரைக்கு மருத்துவமனைக்கு வருகிறேன். ஊசி ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். அவர்கள் என்னைத் திட்டலாம், வெளியே போகச் சொல்லலாம், ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எதுவானாலும் நான் அங்கே நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதிக் கொண்டுவரப்போவதில்லை. வாயால் சொல்லப்போகிறேன்.

பவுல்சாமி